அரசாங்கம் எதில் கை வைக்கலாம்?

திருச்சி தில்லை நகரின் குறுக்குத் தெருக்களில் திரும்பிய பக்கமெல்லாம் கிளினிக், ஸ்கேன் சென்டர், கோச்சிங் சென்டர். எல்லாம் தனியார். பக்கத்துப் புத்தூரிலோ கூட்டம் நிரம்பி வழியும் அரசு மருத்துவமனை. இரண்டையும் பார்க்கிற ஒருவர், "அரசாங்கம் தொட்டது எதுவும் உருப்படாது" என்பார். இன்னொருவர், "எல்லாவற்றையும் அரசாங்கமே எடுத்து நடத்தணும்" என்பார். இரண்டாமவர் பேசுவதைத்தான் அரசியல் சிந்தனையில் அரசுவாதம் என்கிறார்கள்.

இந்தச் சண்டை தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. அரசுவாதத்தை இங்கே மிகக் கடுமையாக எதிர்த்தவர் ராஜாஜி. 1952ல் சென்னை மாகாண முதல்வரானதும், யுத்த காலத்திலிருந்து தொடர்ந்த உணவுக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் எடுத்தார். 1959ல் சுதந்திரா கட்சியைத் தொடங்கி, எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்ற ஆட்சிமுறையைச் சாடினார். அவருடைய பயம் நியாயமானது. தொழில் செய்ய அனுமதி தரும் அதிகாரம் ஒரே கையில் குவிந்தால், வியாபாரி சரக்கைக் கவனிக்க மாட்டான், அதிகாரியைத்தான் கவனிப்பான்.

ஆனால் அதே ராஜாஜிதான் 1937ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். ஒருவன் எதைக் குடிக்கலாம் என்று அரசு தீர்மானிப்பதைவிடப் பெரிய தலையீடு உண்டா? 1967 தேர்தலில் அவருடைய கட்சி கூட்டணி வைத்ததோ, ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்று வாக்களித்த தி.மு.க.வோடு! ஆக, அரசே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அரசு எங்கே வேண்டும் என்பதில்தான் தகராறு.

சரி, அந்த எல்லைக் கோட்டை எங்கே போடுவது? பதிலுக்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

முதலாவது, திருச்சிக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1982 ஜூலை 1 அன்று பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். காமராஜர் காலத்து மதிய உணவைப் பெரிய அளவில் விரிவாக்கிய திட்டம் அது. கஜானா தாங்குமா என்று கேட்டவர்கள் உண்டு. ஆனால் பசித்த பிள்ளை மார்க்கெட்டில் வாடிக்கையாளர் அல்ல. அதன் கையில் காசு இல்லை. எந்த முதலாளியும் அங்கே கடை போடப் போவதில்லை. 2001ல் உச்ச நீதிமன்றம், எல்லா மாநிலங்களும் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. இங்கே கொடுப்பது அரசு, கேட்பது பெற்றோர், தட்டிக்கேட்பது நீதிமன்றம். மூன்றும் வெவ்வேறு கைகள்.

இரண்டாவது, டாஸ்மாக். 1983ல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய அரசு நிறுவனம், 2003ல் சில்லறைக் கடைகளையும் எடுத்துக்கொண்டது. 2022-23ல் மட்டும் அதனால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 44,000 கோடி ரூபாய்க்கும் மேல். இந்த நிறுவனம் எந்தத் துறையின் கீழ் வருகிறது தெரியுமா? மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை! விற்பதும் அரசு, கண்காணிப்பதும் அரசு, லாபம் பார்ப்பதும் அரசு. குடியைக் குறைக்க வேண்டியவருக்கே குடியில்தான் வருமானம் என்றால், யார் யாரைத் தடுப்பது?

அரசுவாதத்தின் உண்மையான ஆபத்து இதுதான். அரசு பெரியதா சிறியதா என்பது முக்கியமல்ல. அரசே கடைக்காரனாகவும் காவல்காரனாகவும் ஆகிவிடுகிறதா என்பதுதான் கேள்வி.

தனியார் பக்கமும் இதே கதைதான். ஒரு தனியார் மருத்துவமனையின் பில்லில் வரும் தொகை நியாயமானதா என்று நோயாளியால் கண்டுபிடிக்க முடியாது. வலியோடு படுத்திருப்பவன் பேரம் பேச முடியுமா? அங்கே கண்காணிக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டும். அந்தக் கை அரசுடையது. அரசைக் கண்காணிக்கவோ நீதிமன்றம், பத்திரிகை, 2005ல் வந்த தகவல் உரிமைச் சட்டம்.

எனவே அடுத்த முறை யாராவது "அரசே நடத்தட்டும்" என்றோ "தனியாருக்கு விட்டுவிடலாம்" என்றோ சொன்னால், உடனே கட்சி கட்ட வேண்டாம். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நடத்துகிறவர் தப்பு செய்தால் தட்டிக்கேட்க அவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொருவர் இருக்கிறாரா? இல்லை என்றால், முதலாளி அரசாக இருந்தால் என்ன, தனியாராக இருந்தால் என்ன, நஷ்டம் ஜனங்களுக்குத்தான்.