வள்ளுவரின் புழுதியும் விஞ்ஞானியின் மண்ணும்

சுற்றாடலைப் பற்றிப் பேசுவோர் எம்மிடையே இரு சாராராக உள்ளனர். ஒரு சாரார் இலக்கியம் கற்றோர். மழையையும் உழவையும் பாடிய செய்யுள்களை மேடைகளில் எடுத்துரைத்து, முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தனர் எனப் பெருமை கொள்வர். மறு சாரார் விஞ்ஞானம் கற்றோர். மண்ணையும் நீரையும் ஆய்வுகூடத்தில் அளந்து, பெறுபேறுகளை ஆங்கிலத்தில் எழுதி வைப்பர். இவ்விரு சாராரும் ஒருவர் எழுதியதை மற்றவர் வாசிப்பது அரிது. இப்பிரிவினையால் நட்டமடைபவர் கடன்பட்டுப் பசளை வாங்கும் கமக்காரரே என்பது எமது கருத்து.

ஓர் உதாரணத்தைப் பார்ப்போம். திருக்குறளில் உழவு அதிகாரத்தின் 1037ஆம் குறள், ஒரு பலம் புழுதி கால் பலமாகும்படி நிலத்தை உழுது காயவிட்டால், ஒரு பிடி எருவும் இன்றிப் பயிர் செழிக்கும் என்கிறது. பள்ளிக்கூடத்தில் இதற்குப் பதவுரையும் பொழிப்புரையும் கற்றோம். காய்ந்த மண் ஏன் செழிக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

அக்கேள்விக்கு வேறோர் இடத்திலிருந்து விடை வந்தது. கிழக்காபிரிக்காவில் பணியாற்றிய பேர்ச் என்னும் மண்ணியல் ஆய்வாளர் 1958இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மண் காயும்போது அதிலுள்ள நுண்ணுயிர்களில் ஒரு பகுதி மடிகிறது. மீண்டும் ஈரம் பட்டதும் எஞ்சியவை விரைவாகப் பெருகி, மடிந்தவற்றையும் மண்ணில் உள்ள மக்கையும் உண்கின்றன. அப்போது பயிர் எடுக்கக்கூடிய வடிவில் நைதரசன் வெளிப்படுகிறது. இன்று விஞ்ஞானிகள் இதனைப் ‘பேர்ச் விளைவு’ என்றே அழைக்கின்றனர். கோடையில் உழுது போட்டு, முதல் மழைக்கு முன் புழுதி விதைப்புச் செய்யும் வன்னிக் கமக்காரருக்கு இதன் பலன் புதிதல்ல. காரணம் மட்டுமே புதிது.

ஆயினும், விஞ்ஞானம் குறளை மெய்ப்பித்துவிட்டது என்று கைதட்டிக் கலைந்துவிடலாகாது. அதே ஆய்வு ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வெளிவரும் நைதரசன் மண்ணின் மக்கிலிருந்தே வருகிறது. மக்கு இல்லாத மண்ணைக் காயவிட்டுப் பயனில்லை. மக்கைத் திருப்பிக் கொடாமல் ஆண்டுதோறும் காயவிட்டால் முதலே கரைந்துபோகும். வியப்பு என்னவெனில், அடுத்த குறளே உழுவதைக் காட்டிலும் எருவிடுதல் நன்று என்கிறது. ஒரு குறளை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதி உண்மைதான் கிடைக்கும்.

பாதி உண்மையின் விலையை இந்நாடு அறியும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. பாரம்பரியத்தின் பெயரால் பலர் அதனைப் போற்றினர். பல ஆண்டுகளாகச் சேதனப் பசளை காணாத மண் ஒரு போகத்திலேயே எப்படி மாறும்? நெல் விளைச்சல் வீழ்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது.

மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எமது குடிநீர், சுண்ணாம்புக் கல்லினுள் தேங்கி நிற்கும் மாரி மழை நீரே. வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் அளவின்றி இட்ட யூரியா, மலசலகூடக் குழிகளின் கழிவோடு சேர்ந்து அந்நீருக்குள் இறங்குகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குறித்த லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் கண்டுள்ளன. அந்நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். இந்த ஆய்வுகளுள் எத்தனை தமிழில் எழுதப்பட்டு அக்கிணற்றடிக்குப் போய்ச் சேர்ந்தன?

இவ்விடயம் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கே மிக அவசரமானது. 1990இல் வலிகாமம் வடக்கைவிட்டு வெளியேறியபோது முப்பது வயதில் மண்வெட்டி பிடித்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். குழை தாழ்த்தல், புழுதி விதைப்பு என்னும் சொற்கள் அவரோடு உள்ளன. முகாமிலும் உறவினர் வளவிலும் பிறந்த பிள்ளைக்கு அவை தெரியா. காணி கிடைத்தவர்கள் பற்றை மூடிய நிலத்தில் புதிதாகத் தொடங்குகின்றனர். இன்னும் காணி கிடையாதவர்களும் உள்ளனர். நிலம் திரும்பக் கிடைத்தாலும், நிலத்தின் அறிவு தானாகத் திரும்புவதில்லை.

ஆகவே நாம் மூன்று காரியங்களைக் கேட்கிறோம். முதலாவது, முதியோரின் பாட்டுகளையும் பழமொழிகளையும் தொழிற்சொற்களையும், எந்த ஊர், எந்த மண், எந்த மாதம் என்ற விபரத்தோடு பிள்ளைகள் கொப்பிகளில் எழுதட்டும். இரண்டாவது, கிளிநொச்சி அறிவியல்நகரில் இயங்கும் யாழ். பல்கலைக்கழக விவசாய பீடமும் தமிழ்த்துறையினரும் அக்கொப்பிகளைச் சேர்ந்திருந்து வாசிக்கட்டும். சோதித்துக் கண்டதைத் தமிழில் எமக்குத் திருப்பித் தரட்டும். மூன்றாவது எம் கையில் உள்ளது. பற்றை வெட்டிய குழையை எரிக்காது தாழ்ப்போம். எரித்தால் அதிலுள்ள நைதரசன் புகையோடு போய்விடும். விவசாயப் போதனாசிரியர் மூலம் மண்ணைப் பரிசோதித்த பின்னரே பசளைக்குக் கடன் எடுப்போம். ஒரு பரப்பில் வழக்கமான யூரியாவும், அடுத்த பரப்பில் குழையும் குறைந்த யூரியாவும் இட்டு, செலவையும் விளைச்சலையும் எழுதி வைப்போம்.

அப்படி எழுதி வைக்கும் கமக்காரர் விஞ்ஞானிக்குக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. புலவருக்குத் தலையாட்டவும் வேண்டியதில்லை. இருவரிடமும் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. அடுத்த மாரிக்கு முன் அந்தக் கொப்பியை வாங்கி வைப்போம்.