வெண்பூச்சியும் சிறு குளவியும்



கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறுவோர், சரிவுகளில் மரவள்ளி செழித்து நிற்பதைக் காண்பர். முன்பு சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் அவை. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகள் கிழங்கை வாங்கத் தொடங்கியபின், உண்ணும் தானியத்தின் இடத்தை விற்கும் கிழங்கு பிடித்துக்கொண்டது.

அக்கிழங்கிற்கே சோதனை வந்தது. தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி மாவுப்பூச்சி, 2020-இல் கேரளத்தில் கண்டறியப்பட்டு, விரைவில் நாமக்கல், சேலம் மாவட்டங்களிலும் பரவிற்று. ஆண் துணையின்றியே பெருகும் இனம் அது. இளந்தளிரின் சாற்றை உறிஞ்சும். கணுக்கள் குறுகி, இலைகள் சுருண்டு, நுனி கொத்தாகிவிடும். கிழங்கு பருக்காது.

அந்நாளில் மலைவாழ் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்தார். "சாமி, ரெண்டு ஆட்டையும் வித்து மருந்து அடிச்சாச்சு. இன்னொரு தடவை அடிக்கப் பணம் வேணுங்க" என்றார். இரங்கிக் கொடுத்தோம். அது தவறென்பதைப் பின்னரே உணர்ந்தோம். பூச்சியின் மேல் படிந்த வெண்மெழுகு நஞ்சைத் தடுக்கும். மடிவனவோ அப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகள். பகைவனைக் கொல்லப் போய்க் காவலரைக் கொன்றோம்!

வந்தேறிய பூச்சி இத்துணை பெருகுவதேன்? தாயகத்தில் அதனை அடக்கும் எதிரி உண்டு; இங்கே பூச்சி வந்தது, எதிரி வரவில்லை. 1970-களில் ஆப்பிரிக்காவிலும் இதுவே நிகழ்ந்தது. சுவிட்சர்லாந்து அறிஞர் ஹான்ஸ் ஹெரனின் குழுவினர், பராகுவே நாட்டுச் சிறு குளவியொன்றை அங்கே பரப்பினர். அக்குளவி மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். வெளிவரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். கோடிக்கணக்கானோரின் உணவு காக்கப்பட்டது. ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி வள நிறுவனம் பெனின் நாட்டிலிருந்து தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் அது வெளியிடப்பட்டது.

ஆகவே, உழவர் குடும்பங்களுக்கு நம் வேண்டுகோள் இரண்டு. பூச்சி விதைக்குச்சிகளோடு ஊர்விட்டு ஊர் செல்கிறது. குச்சி வாங்குமுன் அது எந்தத் தோட்டத்தது என்று விசாரியுங்கள். மருந்தடிக்குமுன் வேளாண் அலுவலரைக் கேளுங்கள்; குளவி குடியேறிய தோட்டத்தில் நஞ்சைத் தெளிப்பது நன்மையன்று.

அப்பெரியவர் பின்னர் ஒரு துண்டு நிலத்தில் மீண்டும் சாமை விதைத்தார். நாம் கொடுத்த பணத்தைத் திருப்பித் தர வந்தார். வாங்க நமக்கு மனம் வரவில்லை. "ஆடு வாங்கிக் கொள்ளுங்கள்" என்று சொல்லியனுப்பினோம்.