பழைய கருவியா? புதிய கருவியா?

(இரண்டாமாண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

இசையைக் கலை என்றும் இயற்பியலை அறிவியல் என்றும் பிரித்து, ஒன்றுக்கொன்று உறவே இல்லாதது போல் பேசுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இவ்விரண்டும் கைகோத்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. அதுதான் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி. வீணையில் தந்தி அதிர்கிறது. குழலில் காற்று அதிர்கிறது. சிந்தசைசரிலோ முதலில் மின்னோட்டம் அதிர்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இக்கருவியை விரும்புவோரிடையே இன்று இரு கட்சிகள் உண்டு. 1970களில் செய்யப்பட்ட பழைய கருவிதான் கருவி, இன்று வருவதெல்லாம் நகல் என்பது ஒரு கட்சி. பழையது கனக்கும், பழுதாகும், விலையும் அதிகம்; ஆகவே புதியதே போதும் என்பது மறு கட்சி. இருவருமே கேள்வியைத் தவறாகக் கேட்கிறார்கள் என்பது என் கருத்து. ஒரு கருவியின் மதிப்பு அதன் வயதில் இல்லை. அது எளியவர் கைக்கு எட்டுகிறதா, எட்டிய பின் தன் உள்ளமைப்பை மறைக்காமல் காட்டுகிறதா என்பதில்தான் இருக்கிறது.

பெட்டிக்குள் இருப்பது என்ன?

அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டு ராபர்ட் மூக் என்ற இயற்பியல் படித்த இளைஞர், ஹெர்பர்ட் டாய்ச் என்ற இசையமைப்பாளருடன் சேர்ந்து தம் முதல் சிந்தசைசரை உருவாக்கினார். அதன் அடிப்படை மிக எளியது. மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் அதிர்வெண் இருமடங்காகும். அதாவது சுருதி ஒரு ஸ்தாயி ஏறும். அலையியற்றி ஒன்று ரம்பப்பல் போன்ற அலையையோ சதுர அலையையோ எழுப்புகிறது. வடிகட்டி அதிலிருந்து வேண்டாத அதிர்வெண்களைக் களைகிறது. பெருக்கி அதன் ஓங்கலையும் ஒடுங்கலையும் ஆள்கிறது. இம்மூன்றையும் நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அவை பாடும் என்று யாரும் நமக்குச் சொன்னதில்லை!

1968இல் வெண்டி கார்லோஸ், மூக் கருவியில் பாக்கின் இசையை வாசித்து வெளியிட்ட இசைத்தட்டு உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது. அலமாரி போல் நின்ற அக்கருவி, 1970இல் ‘மினிமூக்’ என்னும் பெயரில் ஒருவர் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சுருங்கியது. ஆயினும் அதன் விலை 1,495 டாலர்.

பழைய கருவியை விரும்புவோர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. மினிமூக்கில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு திருகு உண்டு. திருகினால் ஒலி மாறும். ஏன் மாறியது என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கும். வெப்பம் ஏறினால் அதன் சுருதி சற்றே நழுவும். குறைதான், எனினும் அந்த நழுவலில் ஓர் உயிர்ப்பு இருக்கிறது என்கிறார்கள். 1983இல் ஜப்பானின் யமஹா நிறுவனம் வெளியிட்ட டி.எக்ஸ்.7 இதற்கு நேர்மாறானது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் 1967இல் கண்டறிந்த அதிர்வெண் பண்பேற்ற முறையில் அது இயங்கியது. சுருதி பிசகாது, மணியோசை போன்ற தெளிவு. ஆனால் திருகுகள் போய்ப் பொத்தான்களும் சிறு திரையும் வந்தன. புதிய ஒலியைப் படைப்பது கடினமாயிற்று. பலரும் நிறுவனம் நிரப்பித் தந்த ஒலிகளையே வாசித்தார்கள். ஆக, குறை புதுமையில் இல்லை, மூடிவைத்ததில் இருக்கிறது.

விலைபோகாத கருவி

வயதும் விலையும் கருவியின் பெருமையை முடிவு செய்வதில்லை என்பதற்கு ரோலண்ட் டி.பி.303இன் கதை ஒன்றே போதும். அந்த நிறுவனத்தை 1972இல் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷி, கடிகாரம் பழுதுபார்ப்பதில் தம் தொழிலைத் தொடங்கியவர். கிதார் கலைஞர் தனியே பயிற்சி செய்யும்போது அடிச்சுர இசையைத் துணைக்குத் தருவதற்காக இந்தச் சிறு பெட்டி செய்யப்பட்டது. அதன் ஒலி கிதாரைப் போல் இல்லை. சுரங்களைப் பதிவு செய்வதும் பெருந்தொல்லை. வாங்குவார் இல்லை. 1984இல் உற்பத்தியே நின்றது. எஞ்சியவை மலிவு விலைக்குத் தள்ளப்பட்டன.

அந்த மலிவுதான் அதன் வாழ்வாயிற்று! சிகாகோ நகரத்துக் கறுப்பின இளைஞர்கள் ‘ஃபியூச்சர்’ என்னும் குழுவாகச் சேர்ந்து, பழைய டி.பி.303 ஒன்றை வாங்கினார்கள். அது ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதன் திருகுகளைத் திருகினார்கள். கருவியைச் செய்தவர்களே எண்ணிப் பாராத ஓர் ஒலி பிறந்தது. 1987இல் வெளிவந்த அவர்களின் ‘ஆசிட் டிராக்ஸ்’, உலகெங்கும் பரவிய ஓர் இசைவகைக்கே தாயாயிற்று. அதற்கும் ஐந்தாண்டு முன்பே, 1982இல், பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் இதே கருவியையும் பிற ரோலண்ட் கருவிகளையும் கொண்டு பத்து இராகங்களை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அது விற்கவில்லை. 2010இல் மறுவெளியீடு கண்ட பிறகே உலகம் வியந்தது.

கேட்பாரற்றுக் கிடந்த அதே பெட்டிக்கு இன்று ஆயிரக்கணக்கான டாலர் விலை. சேர்த்து வைப்போரின் கண்ணாடி அலமாரிக்குள் அது போய்விட்டது. வறிய இளைஞர் தொட்டதால் உயர்ந்த கருவியை இனி வறிய இளைஞர் தொட முடியாது! 2019இல் வேறொரு நிறுவனம் அதன் நகலை மிகக் குறைந்த விலைக்குக் கொண்டுவந்தபோது முகம் சுளித்தவர்கள் பலர். நான் மகிழ்கிறேன்.

உரிமைத்தொகை கேட்காத உடன்பாடு

1983இல் மற்றொரு நல்ல செயலும் நடந்தது. போட்டி நிறுவனங்களைச் சேர்ந்த ககேஹாஷியும் அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முன்னின்று, எல்லா மின்னிசைக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசும் ‘மிடி’ என்னும் பொதுமொழியை உருவாக்கச் செய்தார்கள். அதற்கு உரிமைத்தொகை கேட்கவில்லை. ஊர்ப் பொதுக்கிணறு போல் யாரும் இறைத்துக்கொள்ளலாம். அதனால்தான் அன்று செய்த கருவி இன்றைய கணினியோடும் பேசுகிறது. பழமைக்கும் புதுமைக்கும் பாலம் கட்டியது விலை அன்று, பகிர்வு.

பிழைப்பைப் பறித்ததா?

இங்கே ஒரு கசப்பான கேள்வியைத் தாண்டிச் செல்ல முடியாது. என் தாய்மாமா மெல்லிசைக் குழு ஒன்றில் கிளாரினெட் வாசித்தவர். குழுவில் கீ-போர்டு வந்தது. கிளாரினெட், வயலின், அக்கார்டியன் எல்லாம் அந்த ஒரே பெட்டிக்குள் அடங்கின. பன்னிருவர் நின்ற மேடைக்கு ஐவர் போதும் என்றாயிற்று. மாமா தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவன் நான். இயற்பியலில் இடம் கிடைத்தது என்று சொன்னபோது அவர் கேட்டார்: “அந்தப் பெட்டிக்குள்ள அப்படி என்னதான்டா இருக்கு?”

இந்த அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று. 1982இல் பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளையொன்று சிந்தசைசரைத் தடை செய்ய வேண்டும் என்றே தீர்மானம் போட்டது. கருவி நிற்கவில்லை. தமிழ்த் திரையிசையிலும் 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா இசைக்கணினியைப் பயன்படுத்தினார். நாம் அதை இன்றும் விரும்பிக் கேட்கிறோம். தடையால் பயனில்லை. ஆனால் பிழைப்பிழந்தவர்களின் இழப்பை “வளர்ச்சி” என்ற ஒரு சொல்லால் மூடிவிடுவதும் நேர்மையன்று. சுரஞானம் மிக்க கிளாரினெட் கலைஞருக்கே அந்தக் கீ-போர்டைக் கற்றுக்கொடுத்திருக்கலாமே! யாரும் கொடுக்கவில்லை. கருவி வந்தது, கருவியைப் பற்றிய அறிவு வரவில்லை. பறித்தது அந்த இடைவெளிதான்.

நாம் செய்யத்தக்கது

அந்த இடைவெளியை நிரப்புவது நம் போன்றோர் கடமை. ஐ.சி. 555 கொண்டு மல்டிவைப்ரேட்டர் சோதனை செய்கிறோம். திரையில் சதுர அலையைப் பார்க்கிறோம், அதிர்வெண்ணைக் கணக்கிடுகிறோம், ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்குகிறோம், மறந்துவிடுகிறோம். அதே சுற்றில், ஒரு மின்தேக்கியின் வழியாகப் பழைய ரேடியோவின் ஒலிபெருக்கியை இணைத்துப் பாருங்கள். அலை பாடும். காலத்தை நிர்ணயிக்கும் மின்தேக்கியின் மதிப்பை இருமடங்காக்கினால் அதிர்வெண் பாதியாகி, சுருதி ஒரு ஸ்தாயி இறங்குவதைக் காதால் கேட்கலாம். தேர்வுக்காகப் பாடம் செய்த வாய்பாடு அன்றே உயிர்பெறும். நம் துறைப் பேராசிரியர்கள் இச்சோதனையில் ஒலிபெருக்கிக்கும் ஓரிடம் தர வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன். கணினி கிடைப்பவர்கள், 2017 முதல் இலவசமாகக் கிடைக்கும் ‘வி.சி.வி. ராக்’ என்னும் மென்பொருளில் அலையியற்றியையும் வடிகட்டியையும் கம்பியிட்டு இணைத்துப் பழகலாம்.

தோழர்களே! பழைய கருவியைக் கும்பிடவும் வேண்டாம். புதிய கருவியைக் கண்டு மிரளவும் வேண்டாம். எந்தக் கருவி கையில் கிடைத்தாலும், அதன் மூடியைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிவே நமக்கு வேண்டியது. கற்றதை, அந்தக் கருவியால் வாழ்விழந்தவருக்கும் விளங்கும்படி சொல்ல முடிந்தால், நாம் பெறப்போகும் பட்டத்துக்கு அதைவிடப் பெரிய பொருள் வேறொன்றும் இல்லை.