ஏக்கர் கணக்கு வேண்டாம், கைடு கணக்கைச் சொல்லுங்கள்

முதுகலை முடித்துவிட்டு ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் தம்பி தங்கைகள் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் கேள்வி இது: "அண்ணே, ஹைதராபாத் சென்ட்ரல் யுனிவர்சிட்டி எப்படி? நம்ம பசங்க போகலாமா?"

போகலாம். போகத்தான் வேண்டும். ஆனால் அதன் அறிமுகக் கையேட்டை மட்டும் படித்துவிட்டுப் போகாதீர்கள்.

கையேடு சொல்வது பொய்யல்ல. 1974ல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான மத்தியப் பல்கலைக்கழகம். கச்சிபவுலியில் இரண்டாயிரம் ஏக்கருக்கும் மேலான வளாகம். முதுகலைக்கும் ஆராய்ச்சிக்கும் முன்னுரிமை தரும் நிறுவனம். 2019ல் ஒன்றிய அரசு 'உயர் சிறப்பு நிறுவனம்' என்ற தகுதியைக் கொடுத்தது. நல்ல நூலகம், நல்ல ஆய்வகங்கள். எல்லாம் உண்மை.

கையேடு அழுத்திச் சொல்லாத ஒன்று, இந்தப் பல்கலைக்கழகம் பிறந்த கதை. 1969ல் தனித் தெலங்கானா போராட்டம். 1972ல் ஜெய் ஆந்திரா போராட்டம். வேலையிலும் கல்வியிலும் எங்கள் பங்கு எங்கே என்று இரண்டு பக்கமும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அதைத் தணிக்க 1973ல் வந்த ஆறு அம்சத் திட்டத்தில் ஓர் அம்சம்தான் ஹைதராபாத்தில் ஒரு மத்தியப் பல்கலைக்கழகம். அதற்காக அரசமைப்புச் சட்டமே திருத்தப்பட்டது. 371 இ பிரிவு அப்படி வந்ததுதான். அதாவது, பங்கு கேட்ட மாணவர் போராட்டத்தின் விளைச்சல் இந்த நிறுவனம். பின்னாளில் அதே பங்கைக் கேட்ட தலித் மாணவர்களை அது 'ஒழுங்கீனம்' என்ற பெயரில் வெளியே தள்ளியது.

சரி, கையேட்டில் இல்லாத கணக்குகளுக்கு வருவோம்.

முதல் கணக்கு, கைடு. ஆராய்ச்சி மாணவருக்கு நெறியாளர்தான் எல்லாம். அவர் கையெழுத்து இல்லாமல் உதவித்தொகை நகராது, ஆய்வு முன்னேற்ற அறிக்கை நகராது, ஆய்வேடும் நகராது. சேலம் மாவட்டத்திலிருந்து, பன்றி வளர்த்துப் பிழைக்கும் பன்னியாண்டிக் குடும்பத்திலிருந்து, செந்தில்குமார் இங்கே இயற்பியலில் பிஎச்.டி. செய்யப் போனார். அவருக்கு நெறியாளர் ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் விடுதியில் அவர் உயிர் போனது. பிறகு பல்கலைக்கழகமே அமைத்த பவராலா குழு, நெறியாளர் ஒதுக்கும் நடைமுறையில் தெளிவே இல்லை என்றும், அதனால் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் என்றும் பதிவு செய்தது. யாரும் சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருக்க வேண்டியதில்லை. விதி எழுதப்படாத இடத்தில் 'எனக்குப் பிடித்த மாணவன்' என்பதே விதியாகிவிடும். யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பதைச் சாதி முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறது.

இரண்டாவது கணக்கு, பணம். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். வாங்கியவருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாத பிஎச்.டி. மாணவருக்கு யு.ஜி.சி. தரும் தொகை 8,000 ரூபாய். அந்த எட்டாயிரத்தையும் 2015ல் நிறுத்தப் பார்த்தார்கள். மாணவர்கள் டெல்லியில் யு.ஜி.சி. வாசலை முற்றுகையிட்டுக் காப்பாற்றினார்கள். வீட்டிலிருந்து பணம் வருபவருக்கு உதவித்தொகை தாமதமானால் அது எரிச்சல். வீட்டுக்குப் பணம் அனுப்புபவருக்கு அது அடுப்பு. ரோஹித் வெமுலாவுக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

மூன்றாவது கணக்கு, ஆசிரியர் பணியிடம். நம் பிள்ளைகள் போய் உட்கார்ந்து பேச ஒரு பேராசிரியராவது துறையில் இருக்கிறாரா? 2018 மார்ச்சில் யு.ஜி.சி. ஓர் உத்தரவு போட்டது. இட ஒதுக்கீட்டுக்குப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக எடுக்காமல் துறையை அலகாக எடுக்கச் சொன்னது. இதுதான் 13 புள்ளி ரோஸ்டர். இதன்படி நான்காவது இடம் ஓ.பி.சி.க்கு, ஏழாவது எஸ்.சி.க்கு, பதினான்காவது எஸ்.டி.க்கு. ஆறு பணியிடம் மட்டுமே உள்ள துறையில் எஸ்.சி. ஒருவர்கூட வர வேண்டியதில்லை. பதின்மூன்று இருந்தாலும் எஸ்.டி. வர வேண்டியதில்லை. இட ஒதுக்கீட்டை ஒழிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை; வகுத்தல் கணக்கை மட்டும் மாற்றினார்கள். நாடு முழுக்க நடந்த போராட்டத்துக்குப் பிறகு 2019ல் சட்டம் வந்து பழைய முறை திரும்பியது. ஆனாலும் 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்று எழுதி இடத்தைக் காலியாக வைக்கும் வழக்கம் போகவில்லை.

நான்காவது கணக்கு, தண்டனை. 1993ல் இங்கே அம்பேத்கர் மாணவர் சங்கம் தொடங்கப்பட்டது. 2002ல் பத்து தலித் மாணவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 2015 டிசம்பரில் ரோஹித் உள்ளிட்ட ஐந்து தலித் ஆராய்ச்சி மாணவர்கள் விடுதியிலிருந்து நீக்கப்பட்டார்கள். நிர்வாகக் கட்டடத்துக்கும் பொது இடங்களுக்கும் கூட்டாக வரக்கூடாது, மாணவர் தேர்தலில் நிற்கக்கூடாது என்றும் தடை. வகுப்புக்குப் போகலாம், ஊருக்குள் நடமாடக்கூடாது. இந்த உத்தரவை நம் பாட்டன் பூட்டன் வேறு மொழியில் கேட்டிருக்கிறார்கள். ஐந்து பேரும் வளாகக் கடைத்தெருவில் கூடாரம் போட்டு, அதற்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் வெலிவாடா என்றால் ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட சேரி. இந்தப் பல்கலைக்கழகம் தொடக்கத்தில் இயங்கியது சரோஜினி நாயுடுவின் வீட்டில். அந்த வீட்டின் பெயர் 'கோல்டன் த்ரெஷோல்ட்', பொன் வாசற்படி. பொன் வாசற்படியில் தொடங்கிய நிறுவனத்துக்குள் நாற்பத்தோரு ஆண்டுகளில் ஒரு சேரி உருவானது. 2016 ஜனவரி 17 அன்று ரோஹித்தை இழந்தோம்.

அடுத்த ஆண்டு மார்ச்சில் இன்னொரு சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணனை டெல்லியில் இழந்தோம். அவர் ஹைதராபாத்தில் படித்துவிட்டு ஜே.என்.யு.வுக்குப் போனவர்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஏன் 'போகலாம்' என்கிறேன்? அந்த நூலகமும் ஆய்வகமும் மக்கள் வரிப்பணம். அதில் நம் அப்பன் ஆத்தாள் வாங்கிய தீப்பெட்டிக்குக் கட்டிய வரியும் இருக்கிறது. நாம் போகாவிட்டால் காலியாகக் கிடக்கும் என்று நினைக்காதீர்கள். வேறொருவர் வசதியாக உட்கார்ந்துகொள்வார். இன்னொன்று, அந்த வளாகத்தை இன்று காப்பதும் மாணவர்கள்தான். 2025ல் காஞ்சா கச்சிபவுலியின் 400 ஏக்கரில் தெலங்கானா அரசு புல்டோசரை இறக்கியபோது முதலில் எதிர்த்து நின்று அடி வாங்கியவர்கள் அவர்கள். பிறகுதான் உச்ச நீதிமன்றம் மரம் வெட்டுவதை நிறுத்தியது.

ஆகவே போகும்போது இவற்றைச் செய்யுங்கள். சேரும் முன்பே அந்தத் துறையில் உள்ள நம் சீனியர்களிடம் பேசுங்கள். யாரிடம் எத்தனை இடம் காலி, யாரிடம் நம் பிள்ளைகள் முடித்து வெளியே வந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கைடு ஒதுக்கீடு தாமதமானால் வாய்மொழியாகக் கெஞ்சாதீர்கள்; தேதி போட்டு எழுதிக் கொடுத்து, பெற்றதற்கு முத்திரை வாங்குங்கள். காலிப் பணியிட விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். யு.ஜி.சி.யின் 2012 விதிகள் சம வாய்ப்புப் பிரிவும் பாகுபாடு எதிர்ப்பு அலுவலரும் வேண்டும் என்றன. அவை காகிதத்தோடு நிற்கின்றன என்றுதான் ரோஹித்தின் அம்மா ராதிகாவும் பாயல் தட்வியின் அம்மா ஆபிதாவும் 2019ல் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்தத் தாய்மார்கள் நடந்தது உங்களுக்காக.

கடைசியாக ஒன்று. தனியாக இருக்காதீர்கள். மனம் உடைந்தால் அன்றைக்கே ஒரு தோழரைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி ஆனாலும் சரி. ஒரு செமஸ்டர் போனால் போகட்டும், ஊருக்கு வந்து பத்து நாள் அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப் போங்கள். நமக்குத் தியாகிகள் போதும். நெறியாளர்கள் வேண்டும், துறைத்தலைவர்கள் வேண்டும், அடுத்து வரும் பிள்ளைக்குக் கையெழுத்துப் போட நம் கைகள் வேண்டும்.

ஜெய்பீம்.