இறங்குமுன் ஓர் உரையாடல்

1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரவு, இந்தோனேசிய ஹஜ் யாத்திரிகரை ஏற்றிக்கொண்டு சுரபாயாவிலிருந்து கொழும்பு நோக்கி வந்த டச்சு மார்ட்டின்எயர் விமானம், நோர்ட்டன் பிரிட்ஜுக்கு அருகே சப்தகன்னி மலையில் மோதிச் சிதறியது. 191 பேரில் ஒருவரும் பிழைத்தாரிலர். கட்டுநாயக்கா இன்னும் நாற்பது மைல் அப்பால் இருக்க, அதனை அண்மிவிட்டதாகக் கருதிய விமானிகள், பாதுகாப்பான உயரத்திற்குக் கீழே இறங்கிவிட்டனர். எம்பிலிப்பிட்டியவில் வாழும் எமக்கு அம்மலைநாடு வடதிசை அயல். ஆதலின், விமானிகள் ஏறுமுன்னும் இறங்குமுன்னும் தமக்குள் நிகழ்த்தும் உரையாடலைப் பற்றி யான் எண்ணும்போதெல்லாம் அவ்விரவே நினைவுக்கு வருகிறது.

அவ்வுரையாடலில் அடங்குவன யாவை? செலுத்துபவர் யார், கண்காணிப்பவர் யார். எந்த வேகத்தைத் தாண்டியபின் நிறுத்த முயலலாகாது. ஓர் இயந்திரம் பழுதானால் யார் எதைச் செய்வது. எந்த இடம்வரை எந்த உயரத்தைக் காக்கவேண்டும். ஓடுபாதை புலப்படாவிடின் எவ்வாறு மீண்டும் மேலெழுவது. சில நிமிடப் பேச்சுத்தான்.

பேசிவிட்டால் மட்டும் போதுமா? மார்ட்டின்எயர் விபத்துக்கு மூன்றே நாட்களின் முன், வாஷிங்டனுக்கு அருகே டி.டபிள்யூ.ஏ. விமானமொன்று மலையில் மோதி 92 பேர் மாண்டனர். வரைபடம் 3,400 அடி என்றது. அவர்கள் இறங்க எண்ணியதோ 1,800 அடி. தலைமை விமானி இம்முரண்பாட்டை வாய்விட்டே சொன்னார். எனினும், அனுமதி கிடைத்துவிட்டதன்றோ என அமைந்தனரேயன்றித் தரைக் கட்டுப்பாட்டாளரை எவரும் வினவவில்லை.

1977இல் டெனரீஃப் தீவின் மூடுபனியில் நிகழ்ந்தது இன்னும் கொடிது. எதிர் விமானம் ஓடுபாதையைவிட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியியலாளர் கேட்டார். ஆம் என்று உறுதியாக மறுமொழி கூறிய கப்டன், தம் நிறுவனத்தில் விமானிகளைப் பயிற்றும் தலைமை ஆசான். அதன்பின் ஒருவரும் வாய் திறக்கவில்லை. 583 உயிர்கள் போயின. ஆசிரியப் பெருமக்கள் இதனைப் பொறுத்தருள்க. நம் வகுப்பறைகளிலும் இரண்டாம் முறை வினவும் மாணவனை நாம் எளிதில் விரும்புவதில்லை.

மனப்பாடம் என்னும் நோய் விமானி அறையையும் விட்டதில்லை. நாள்தோறும் ஒரே பட்டியலை ஒப்புவித்தால், சொல்பவர் நாவும் கேட்பவர் செவியும் மட்டுமே தொழிற்படும். இதனை உணர்ந்து, அண்மைக்காலத்தில் பல நிறுவனங்கள் முறையை மாற்றியுள்ளன. இன்று, இவ்விடத்தில், நமக்கு இடர் எதனால் வரக்கூடும் என்னும் வினாவே முதலில் எழுப்பப்படுகிறது. விமானத்தைச் செலுத்தாது கண்காணிப்பவரே அதற்கு முதலில் விடைகூறுவதும் உண்டு. மூத்தவரிடம் ஐயத்தைச் சொல்ல இளையவருக்கு இது முன்கூட்டியே இடமளிக்கிறது. இம்மாற்றத்தில் யான் பெரிதும் மதிப்பது இதனையே.

2013இல் திறக்கப்பட்ட மத்தள விமான நிலையம் எமக்குக் கிழக்கே அதிகத் தொலைவில் இல்லை. அங்கே இறங்க வருபவர் கூறும் விடை பறவைக் கூட்டமாக இருக்கலாம். வேலி தாண்டிய காட்டு விலங்காகவும் இருக்கலாம். கிழக்கிலிருந்து மலைநாட்டின்மேல் இரவிற் பறந்து கட்டுநாயக்காவுக்கு வருபவரோ, எத்தனை மைல்வரை எத்தனை அடிக்குக் கீழே இறங்கலாகாது என்பதையே முதலிற் சொல்லியாகவேண்டும்.