அறை பாடினால் அது இசையா?

குளியலறையில் பாடும்போது மட்டும் உங்கள் குரல் எடுப்பாகக் கேட்கிறதே, ஏன்? சில ஒலிகளை மட்டும் அந்த அறை பெரிதாக்கித் திருப்பித் தருகிறது. இதைத்தான் படிவம் 4 இயற்பியலில் ஒத்ததிர்வு என்று படிக்கிறீர்கள். பாடம் பெரும்பாலும் பார்ட்டன் ஊசலோடு நின்றுவிடும். அமெரிக்க இசையமைப்பாளர் ஆல்வின் லூசியர் (1931–2021) அங்கே நிற்கவில்லை.

1969இல் அவர் ஓர் அறையில் அமர்ந்து சில வாக்கியங்களை வாசித்து ஒலிநாடாவில் பதிந்தார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிபெருக்கியில் ஓடவிட்டு மறுபடியும் பதிந்தார். புதிய பதிவை ஓடவிட்டு மீண்டும் ஒரு பதிவு. இப்படியே பல சுற்றுகள். சொற்கள் மெல்ல மங்கி, கடைசியில் மணியோசை போன்ற நீண்ட ஒலிகள் மட்டுமே மிஞ்சின.

கணக்கு எளிதுதான். 3.4 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுவர்கள் எதிரெதிரே நின்றால், நொடிக்கு 340 மீட்டர் செல்லும் ஒலிக்கு 50 ஹெர்ட்ஸ், 100, 150 என்ற அதிர்வெண்கள் அங்கே வலுப்பெறும். ஒரு சுற்றில் ஓர் அதிர்வெண் மற்றொன்றைவிட இரு மடங்கு வலுப்பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துச் சுற்றில் அது 1,024 மடங்கு!

“இதெல்லாம் ஆய்வுக்கூட வேலை, இசை இல்லை” என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். லூசியருக்குத் திக்கிப் பேசும் இயல்பு இருந்தது. இயற்பியலை விளக்குவதைவிடத் தம் பேச்சின் தடங்கல்களை மழுப்புவதற்கே இதைச் செய்வதாக அவரே அந்த வாக்கியங்களில் சொல்கிறார். வாய்மொழித் தேர்வில் திக்கும் நண்பனைப் பார்த்து வகுப்பு சிரிப்பதைக் கண்டிருப்பீர்கள். அறை அப்படிச் சிரிப்பதில்லை. திக்கும் குரலையும் சரளமான குரலையும் அது ஒரே மாதிரிதான் கரைக்கிறது. இதைக் கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஊசல் ஆடுவதைப் பார்த்து அப்படி ஆனதில்லை. (முழுதாகக் கேட்கப் பொறுமை வேண்டும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. 1981இல் வெளிவந்த இசைத்தட்டு ஏறக்குறைய 45 நிமிடம் ஓடும்.)

நீங்களும் செய்து பாருங்கள். பதிவதற்கு ஒரு கைப்பேசி, ஒலிக்கவிட ஓரளவு பெரிய ஒலிபெருக்கி போதும். கைப்பேசியின் சொந்த ஒலிபெருக்கி தாழ்ந்த ஒலிகளைச் சரியாகத் தராது. மெத்தையும் திரைச்சீலையும் உள்ள படுக்கையறை ஒலியை உறிஞ்சிவிடும். பொருள் அதிகம் இல்லாத, வெறும் சுவர் கொண்ட அறையே நல்லது. பிறகு அதே வாக்கியத்தைப் பள்ளி மண்டபத்திலும் பதிந்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கேளுங்கள்.