வழக்கு இழுபடுது, பிள்ளை வளருது



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள். யாருடைய பிள்ளை, எந்த ஊர் என்று கொமெண்டில் ஊகிக்க வேண்டாம். பாதிக்கப்பட்ட பிள்ளையை அடையாளம் காட்டுவது நமது சட்டத்தில் குற்றம்.

போன வாரம் என்னிடம் முன்பு படித்த ஒரு பிள்ளையோடும் அவளுடைய உம்மாவோடும் மேல் நீதிமன்றத்துக்குப் போனேன். முறைப்பாடு செய்தபோது அவள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இப்போது சாதாரண தரம் எழுதப் போகிறாள். காலை எட்டரைக்கே போய் வராந்தாவில் உட்கார்ந்தோம். நாலு அடி தள்ளி அதே வராந்தாவில் அந்த ஆளும் அவருடைய குடும்பமும். பிணையில் வந்து வருடக்கணக்காகிறது. அவருடைய ராத்தா என்னைக் கண்டு ஸலாம் சொன்னார். நானும் பதில் சொன்னேன், வேறு என்ன செய்வது?

பதினொன்றரைக்கு வழக்கைக் கூப்பிட்டார்கள். எதிராளியின் சட்டத்தரணிக்குச் சுகமில்லையாம். மூன்று மாதத்துக்குத் தவணை. எல்லாம் இரண்டு நிமிடம்தான். வரும்போது பஸ்ஸில் அவள் கேட்டாள்: "டீச்சர், அன்டைக்குச் சொன்னதையெல்லாம் திரும்பவும் சொல்லணுமா?"

சொல்லத்தான் வேண்டும். பொலிஸில் பெண்கள், சிறுவர் பிரிவில் சொன்னாள். சட்ட வைத்திய அதிகாரியிடம் சொன்னாள். நன்னடத்தை உத்தியோகத்தரிடம் சொன்னாள். கோவை கொழும்புக்கு, புதுக்கடையிலுள்ள சட்டமா அதிபர் திணைக்களத்துக்குப் போனது. அங்கிருந்து குற்றப்பத்திரிகை மேல் நீதிமன்றத்துக்கு வரும் வரை வருடங்கள் போயின. வந்த பிறகும் அதே நீதிமன்றத்தில் கொலை வழக்கு, போதைப்பொருள் வழக்கு எல்லாம் வரிசையில் நிற்கின்றன. நீதிபதி இடமாற்றம் பெற்றுப் போனால் அதற்கும் கொஞ்சக் காலம்.

இதில் பெரிய அநியாயம் தாமதம் மட்டுமில்லை. பத்து வயதில் "லுஹருக்குப் பொறகு" என்று சொன்ன பிள்ளை பதினாறு வயதில் "அஸருக்கு முந்தி" என்று சொன்னால், குறுக்கு விசாரணையில் அதை முரண்பாடு என்று பிடிக்கிறார்கள். நமக்கு அது ஒரே நேரம்தான். எதிராளியின் சட்டத்தரணியைக் குறை சொல்லவில்லை, அவர் தன் வேலையைச் செய்கிறார். ஆனால் மறக்க வேண்டும் என்று நாமே துஆச் செய்கிற ஒரு விஷயத்தை, ஒரு சொல்லும் மாறாமல் ஆறு வருடம் ஞாபகம் வைத்திருக்கச் சொல்கிறோம் பிள்ளையிடம்.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டப்படி பிள்ளையின் வாக்குமூலத்தை ஆரம்பத்திலேயே வீடியோவில் பதிவு செய்து, பிறகு நீதிமன்றத்தில் சாட்சியமாக முன்வைக்கலாம். குறுக்கு விசாரணைக்குப் பிள்ளை வரத்தான் வேண்டும், ஆனாலும் முழுக் கதையையும் மறுபடி சொல்லத் தேவையில்லை. சட்டம் வந்து கால் நூற்றாண்டாகிறது. இந்தப் பிள்ளையிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

தண்டனை விஷயத்திலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. 1995 திருத்தத்தில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் பாலியல் வல்லுறவு செய்தால் ஆகக் குறைந்தது 10 வருடச் சிறை என்று வந்தது. 2008இல் உச்ச நீதிமன்றம், அந்தக் குறைந்தபட்ச எல்லை நீதிபதியின் தற்றுணிபைத் தடுக்காது என்று சொன்னது. காதல் உறவில் சிக்கிய இரண்டு இளவயதினரின் வழக்கென்றால் அதன் நியாயம் எனக்கும் விளங்குகிறது. ஆனால் அந்தக் கதவால் மற்றவர்களும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையோடு வெளியே நடந்து வருகிறார்கள். வழக்கு பழசாகப் பழசாக எல்லோருக்கும் இரக்கம் குற்றவாளியின் பக்கம் போகிறது: "பாவம், இப்ப கல்யாணம் முடிச்சிப் புள்ளகுட்டியோட இருக்கார்."

பராமரிப்பின்மை வழக்குகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். உம்மா குவைத்தில், பிள்ளை மூத்தம்மாவிடம், பாடசாலை வரவு இல்லை. கடைசியில் நீதவான் கட்டளையோடு பிள்ளை சிறுவர் இல்லத்துக்குப் போகிறது. வீட்டில் கேடு செய்தவர் இருக்கும்போதும் சில நேரம் வெளியேறுவது பிள்ளைதான்.

இனி நம்மைப் பற்றி. நீதிமன்றம் இழுக்கிற அந்த வருடங்களில்தான் நாம் உள்ளே நுழைகிறோம். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில் இரண்டு பேர், குடும்பத்தில் ஒரு பெரியப்பா, "ஊர் மானம்" என்ற ஒரு சொல். சமாதானமாகப் போகலாம், காசு கொடுக்கலாம், பிள்ளை பெரியவளென்றால் நிக்காஹ் செய்து வைக்கலாம். மேலே சொன்ன சட்டத்திலேயே ஒரு ஓட்டை இருக்கிறது: 12 வயதுக்கு மேற்பட்டவள், சட்டப்படி மனைவி என்றால் அந்தக் குற்றம் பொருந்தாது. மற்றச் சமூகங்களுக்குத் திருமண வயது 18. நமது 1951ஆம் ஆண்டுச் சட்டத்தில் வயதெல்லையே வைக்கப்படவில்லை. ஆகவே அந்த ஓட்டை நம் பிள்ளைகளுக்கென்றே இருப்பது போலத்தான் எனக்குப் படுகிறது. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். வரட்டும்.

கொலை வழக்கை இரண்டு குடும்பமும் பேசி முடிக்க முடியுமா? இதுவும் அப்படித்தான். அரசு தொடுத்த வழக்கு. உம்மா மனம் மாறினார் என்பதற்காக அது இல்லாமல் போகாது. ஆனால் பிள்ளை சாட்சிக் கூண்டில் வாய் திறக்காவிட்டால் வழக்கு அங்கேயே விழுந்துவிடும். சமாதானம் பேச வருகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வந்துதான் பிள்ளையின் வாயை அடைக்கிறோம்.

நானும் சுத்தமில்லை. பல வருடங்களுக்கு முன் வேறொரு உம்மா அழுதுகொண்டு என் வகுப்பறைக்கு வந்தார். "முதல்ல பள்ளிவாசல்ல பேசிப் பாருங்க" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். 1929 இலக்கம் அப்போதும் சுவரில் ஒட்டியிருந்தது. அவர்கள் பேசினார்கள். முடித்துவிட்டார்கள். அந்தப் பிள்ளை பத்தாம் ஆண்டோடு பாடசாலையை விட்டாள். அந்த மனிதர் இன்றும் நம் கூட்டங்களில் முன் வரிசையில் இருக்கிறார்.

வீட்டில் இவர் கேட்டார், "நீங்க ஏன் கோர்ட்டுக்கெல்லாம் அலையணும்?" என்று. அவரிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். எதிர்ப்பக்கத்தில் அன்று பதினொரு பேர் வந்திருந்தார்கள், நான் எண்ணினேன். அவளுடைய பக்கம் உம்மாவும் நானும் மட்டும்.

அடுத்த தவணைக்கு நான் லீவு போட்டுவிட்டேன். கூட வரக்கூடிய சகோதரிகள் இன்பொக்ஸில் சொல்லுங்கள். திகதியைப் பொதுவில் எழுத மாட்டேன். ஒன்றும் பேச வேண்டாம், வந்து அந்த வராந்தாவில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.